பெடல் ஏன் இறங்குகிறது என்று முதலில் பாருங்கள், காலிப்பர் அப்புறம்

கேள்வி இதுதான்: 1990 மாடல் மஸ்தா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர் இன்ஜின். பெரும்பாலும் சாதாரணச் சாலையில் ஓடுகிறது, வருடத்தில் மூன்று நான்கு முறை ரேஸ் டிராக்குக்குப் போகிறது. டிராக்கில் நான்காவது சுற்றுக்கு மேல் பிரேக் பெடல் மெத்தென்று கீழே போய்விடுகிறது. முன் சக்கரங்களுக்கு நான்கு பிஸ்டன் காலிப்பரும் துளை போட்ட பெரிய டிஸ்க்கும் மாட்டினால் சரியாகுமா? வேறு காரில் இருந்து கழற்றிய காலிப்பர் போதுமா? பின்பக்கத்தை அப்படியே விட்டுவிடலாமா?

இப்போதைக்குக் காலிப்பர் எதையும் வாங்காதீர்கள். (காலிப்பர் என்பது, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைப் பேட் என்ற உராய்வுக் கட்டைகளால் இரு பக்கமும் கவ்வும் பாகம். பேடைத் தள்ளும் பிஸ்டன் அதற்குள்தான் இருக்கிறது.) நோய் என்னவென்று உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது.

பிரேக் சூடாகிக் கைவிடுவதில் இரண்டு வகை உண்டு. இரண்டும் காலுக்கு வேறு வேறு மாதிரி தெரியும். பெடல் கல் மாதிரி கெட்டியாக நிற்கிறது, எவ்வளவு மிதித்தாலும் வண்டி வேகம் குறைய மாட்டேன் என்கிறது என்றால், பேட் தன் சூட்டு எல்லையைத் தாண்டிப் பிடிப்பை இழந்துவிட்டது என்று அர்த்தம். பெடல் பஞ்சு மாதிரி இறங்குகிறது, இரண்டு மூன்று தடவை அடித்து மிதித்தால்தான் கொஞ்சம் பிடிக்கிறது என்றால், காலிப்பருக்குள் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். நீங்கள் மிதிக்கிற மிதியெல்லாம் அந்த ஆவிக் குமிழியை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். வண்டியை நிறுத்தி ஆறவிட்டால் பெடல் ஓரளவு திரும்பி வந்துவிடும். அதனால்தான் வீட்டுக்கு வந்து பார்க்கிற மெக்கானிக் “எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது” என்கிறார்.

உங்களுடையது இரண்டாவது வகை. இதற்கு முதல் மருந்து புது ஆயில்.

ஆயில் என்று பேச்சுக்குச் சொல்கிறோம், டாட் 3, டாட் 4, டாட் 5.1 என்று தர எண்ணோடு விற்கிறவை எல்லாம் கிளைக்கால் சார்ந்த திரவங்கள். காற்றில் இருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரக் கணக்கு. அதே ஆயிலில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155 டிகிரி. டாட் 5.1-க்கு 260, ஈரம் சேர்ந்தால் 180. ரேஸுக்கென்று விற்கும் டாட் 4 வகைகளில் 300 டிகிரியைத் தாண்டுகிறவையும் உண்டு, ஆனால் அவற்றை அடிக்கடி மாற்ற வேண்டும். டிராக்குக்குப் போகும் வண்டிக்கு வருடம் ஒருமுறையாவது முழுசாக மாற்றிவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: 5.1 வேறு, 5 வேறு. டாட் 5 சிலிக்கோன் திரவம், மற்றவற்றோடு கலக்கவே கூடாது. பழைய கார்களைக் காட்சிக்கு வைத்திருப்பவர்கள், சிந்தினாலும் பெயின்ட்டைக் கெடுக்காது என்பதால் அதை ஊற்றுவார்கள். டிராக்கில் அது வேண்டாம், பெடல் கெட்டியாகவே இருக்காது.

ஆயில் மாற்றும்போதே காலிப்பரைக் கழற்றிப் பாருங்கள். இந்த வண்டியில் இருப்பது ஒற்றைப் பிஸ்டன் வழுக்கும் காலிப்பர். பிஸ்டன் உள்பக்கப் பேடைத் தள்ளும், அதன் எதிர்விசையில் காலிப்பர் மொத்தமும் இரண்டு பின்களின் மேல் நகர்ந்து வெளிப்பக்கப் பேடை இழுத்து அழுத்தும். முப்பது வருடத்துக்கு மேல் ஓடிய காரில் அந்தப் பின்களில் ஒன்றாவது காய்ந்துபோய் இறுகியிருக்கும். அடையாளம் எளிது: ஒரே சக்கரத்தில் உள் பேட் ஒரு தடிமன், வெளிப் பேட் இன்னொரு தடிமன், அல்லது ஒரே பேட் ஆப்பு மாதிரி சரிந்து தேய்ந்திருக்கும். பின்னைத் துடைத்து, ரப்பரைக் கெடுக்காத சிலிக்கோன் கிரீஸ் தடவி, விரலால் தள்ளினாலே நகர்கிற மாதிரி செய்யுங்கள். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீலையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். அந்தச் சதுர வெட்டு சீல் ஆயிலைக் கசியாமல் தடுப்பதோடு நிற்பதில்லை. மிதிக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்து லேசாக முறுகி, காலை எடுத்ததும் நிமிர்ந்து பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பதும் அதுதான். அது விறைத்துப்போனால் பேட் டிஸ்க்கை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும், ஆயில் கொதிக்க அதுவே போதும்.

ரப்பர் ஹோஸையும் சந்தேகப்படுங்கள். பழையது உள்ளுக்குள்ளேயே வீங்கி அடைத்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மிதிக்கும்போது அழுத்தம் காலிப்பருக்குப் போய்ச் சேர்ந்துவிடும், காலை எடுத்தால் ஆயில் திரும்பி வராது. ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் மாட்டினால் பெடல் கொஞ்சம் கெட்டியாகும். நிற்கும் தூரம் அதனால் குறையாது, ஆனால் எவ்வளவு மிதிக்கிறோம் என்பது காலுக்கு நன்றாகத் தெரியும்.

ஆயில், சீல், ஹோஸ், நல்ல சூடு தாங்கும் பேட். இவ்வளவும் செய்துவிட்டு ஒருமுறை டிராக்குக்குப் போய்ப் பாருங்கள். பெரும்பாலான பேருக்கு இங்கேயே கதை முடிந்துவிடும். பேட் வாங்கும்போது மட்டும் ஆசைப்பட்டு முழு ரேஸ் பேட் வாங்கிவிடாதீர்கள். அது சூடேறினால்தான் கடிக்கும். காலையில் வீட்டை விட்டு இறங்கி முதல் சிக்னலில் மிதித்தால் கட்டையை வைத்துத் தேய்ப்பது மாதிரி இருக்கும், ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கிரீச்சிடும்.

சரி, இதற்குப் பிறகும் போதவில்லை என்றால் பெரிய டிஸ்க்குக்கு வருவோம். அது எதற்கு என்பதில் நிறையப் பேருக்குக் குழப்பம். ‘பெரிய பிரேக் போட்டால் வண்டி சீக்கிரம் நிற்கும்’ என்பார்கள். வண்டியை நிறுத்துவது டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிப்பு. உங்கள் பழைய பிரேக்கை ஓங்கி மிதித்தால் முன் டயர் லாக் ஆகிறது (சுற்றாமல் நின்று வழுக்குகிறது) அல்லது ஏபிஎஸ் துடிக்கிறது என்றால், டயர் தருவதையெல்லாம் அந்தப் பிரேக் ஏற்கெனவே வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரே ஒரு முறை நிற்கிற தூரத்தைக் குறைக்க வேண்டுமென்றால் நல்ல டயர் வாங்குங்கள்.

பெரிய டிஸ்க்கின் வேலை சூட்டை விழுங்குவது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டுநரோடு சேர்த்து வண்டி 1,100 கிலோ. மணிக்கு 160 கிலோமீட்டரில் வந்து, வளைவுக்கு முன் 60-க்குக் குறைக்கிறீர்கள். அந்த ஒரு மிதியில் ஏறக்குறைய 930 கிலோஜூல் ஆற்றல் சூடாக மாற வேண்டும். மணிக்கு 100-ல் இருந்து முழுசாக நிற்பதற்கே 425-தான் ஆகும் என்பதை வைத்துப் பார்த்தால் டிராக் எவ்வளவு கொடுமை என்று புரியும். இதில் 70 சதவீதம் முன்பக்கம் என்றால் ஒரு முன் டிஸ்க்குக்கு 325 கிலோஜூல். டிஸ்க் 4 கிலோ வார்ப்பிரும்பு என்று வைத்துக்கொண்டால், அது ஒரே மிதியில் 175 டிகிரிக்கு மேல் ஏறும். 5.5 கிலோ டிஸ்க் என்றால் 130-க்குள் நிற்கும். ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. சுற்றுக்குச் சுற்று டிஸ்க்கின் அடிப்படைச் சூடே ஏறிக்கொண்டு போய், நான்காவது சுற்றில் பேட் வழியாகவும் பிஸ்டன் வழியாகவும் ஆயிலுக்குச் சூடு வந்து சேர்கிறது.

டிஸ்க் பிரேக் பெயர் வாங்கியதே இப்படித்தான். 1953 லெ மான் 24 மணி நேரப் போட்டியில் ஜாகுவார் சி-டைப் டன்லப் டிஸ்க் பிரேக்கோடு வந்து ஜெயித்தது. எதிரே நின்ற டிரம் பிரேக் கார்கள், நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் பிரேக்கைக் காப்பாற்றுவதற்காக முன்கூட்டியே மிதிக்க வேண்டியிருந்தது.

உங்கள் காருக்கு அதிர்ஷ்டம், மஸ்தாவே வழி போட்டுக் கொடுத்திருக்கிறது. 1.6-க்கு முன் டிஸ்க் 235 மி.மீ., பின் டிஸ்க் 231. 1994 மாடலில் 1.8 இன்ஜின் வந்தபோது முன் 255, பின் 251 ஆக்கினார்கள். அடுத்த தலைமுறையின் ஸ்போர்ட் பிரேக் முன் 270, பின் 276. அந்த 1.8-இன் டிஸ்க்கும் காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டும் உங்கள் வண்டியில் அப்படியே போல்ட் போட்டு உட்காரும், 14 அங்குல வீலுக்குள்ளும் அடங்கும். 270-க்குப் போனால் 15 அங்குல வீல் வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அவர்கள் முன்னையும் பின்னையும் சேர்த்து வளர்த்ததுதான். பேட் அழுத்துகிற ஆரம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது, முன்பின் விகிதம் கலையவில்லை. என் அபிப்பிராயத்தில், பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு நல்ல பிரேக் கிட் என்பது அதே கம்பெனி அதே குடும்பத்தின் அடுத்த மாடலில் போட்டது. போர்ஷேயே 944 டர்போ எஸ்ஸுக்குப் பிரேக் தேடியபோது தன் 928 எஸ்4-இல் இருந்ததைத்தான் எடுத்து மாட்டியது. வேற்று வீட்டுச் சம்பந்தமும் சில வேளை பொருந்தும். டட்சன் 240இசட்டுக்கு டொயோட்டா பிக்கப்பின் நான்கு பிஸ்டன் காலிப்பரை மாட்டுவது பல காலமாக நடக்கிறது. நிஸான் எஸ்13-க்கு 300இசட்எக்ஸின் அலுமினியக் காலிப்பரைக் கொண்டுவருகிறவர்கள், மாஸ்டர் சிலிண்டரையும் (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் உருளை) சேர்த்தே மாற்றுவார்கள். அது ஏன் என்று தெரியாமல் நான் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

முன்பு வைத்திருந்த ஒரு பழைய கூப்பேவுக்கு (இரண்டு கதவுக் கார்) முன்பக்கம் மட்டும் நான்கு பிஸ்டன் கிட் வாங்கினேன். விற்றவர் “அப்படியே மாட்டிக்கொள்ளலாம்” என்றார். மாட்டவும் முடிந்தது. ஓட்டிப் பார்த்தால் பெடல் முன்பைவிட இரண்டு விரல் கீழே போய்த்தான் பிடித்தது, ஈரத் தரையில் லேசாக மிதித்தாலே முன் டயர் லாக் ஆனது. ஒரு வருடம் கழித்துப் பின் சக்கரத்தைக் கழற்றினால் பேடின் தடிமன் வாங்கியபோது இருந்த மாதிரியே இருக்கிறது, டிஸ்க்கின் முகத்தில் துரு வளையம். பின் பிரேக் வேலையே செய்யவில்லை. நான்கு சக்கரம் செய்ய வேண்டிய வேலையை இரண்டு சக்கரத்தின் தலையில் கட்டியிருந்தேன்.

அன்று போடாத கணக்கை இப்போது உங்களுக்காகப் போடுகிறேன். வழுக்கும் காலிப்பரில் 54 மி.மீ. பிஸ்டன் ஒன்று இருந்தால் அதன் பரப்பு 2,290 சதுர மி.மீ. நகராமல் நின்று இரு பக்கமும் இரண்டிரண்டு பிஸ்டனால் அழுத்தும் நிலையான நான்கு பிஸ்டன் காலிப்பரில் ஒரு பக்கத்துப் பிஸ்டன்களை மட்டும்தான் எண்ண வேண்டும், ஏனென்றால் எதிர்ப்பக்கம் வெறும் எதிர்விசை. 38 மி.மீ. பிஸ்டன் இரண்டு என்றால் 2,268. கிட்டத்தட்ட அதேதான்! நான்கு பிஸ்டன் என்றதும் நான்கு மடங்கு அழுத்தம் என்று நினைத்துக்கொள்கிறோம், இங்கே பார்த்தால் ஒன்றும் கூடவில்லை. கூடுவது விறைப்பும், பேட் சீராகத் தேய்வதும், பெரிய பேட் போட இடமும்தான். அதே இடத்தில் 42 மி.மீ. பிஸ்டன் இருந்தால் பரப்பு 2,771, பழையதைவிட 21 சதவீதம் கூடுதல். முன் பிரேக் அந்த அளவுக்கு அதிகமாகக் கடிக்கும், பிஸ்டனை நகர்த்த ஆயிலும் அந்த அளவுக்கு அதிகம் வேண்டும், பெடல் கீழே இறங்கும். என் கூப்பேவில் நடந்தது இதுதான்.

பெடலை மேலே கொண்டுவரப் பெரிய மாஸ்டர் சிலிண்டர் போடலாம். 7/8 அங்குலத்தில் இருந்து 1 அங்குலத்துக்குப் போனால் பரப்பு 30 சதவீதம் கூடும். பெடல் குறைவாக இறங்கும், ஆனால் அதே அழுத்தத்துக்குக் கால் 30 சதவீதம் அதிகமாக உழைக்க வேண்டும். மிதிக்கு வலு சேர்க்கும் பூஸ்டர் இல்லாத பழைய கார் என்றால் இதை இரண்டு முறை யோசியுங்கள். முன்பின் விகிதத்தையும் இது சரிசெய்யாது, அது காலிப்பரிலேயே முடிவாகிவிட்ட சங்கதி.

அந்த விகிதம் எவ்வளவு இருக்க வேண்டும்? உங்கள் 1,100 கிலோவும் நிற்கும்போது முன்னும் பின்னும் சரிபாதி என்று வையுங்கள். சக்கர இடைவெளி 2.265 மீட்டர், எடை மையம் தரையில் இருந்து சுமார் அரை மீட்டர். ஓங்கி மிதித்து 0.9 ஜி-யில் (புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.9 பங்கு) வேகம் குறையும்போது ஏறக்குறைய 220 கிலோ எடை பின்னிருந்து முன்னுக்குச் சாய்கிறது. முன்னால் 770, பின்னால் 330. அதாவது 70-க்கு 30. பின் பிரேக் இதற்கு மேல் வேலை செய்தால் பின் சக்கரம் முதலில் லாக் ஆகி வண்டி சுழன்றுவிடும். இதற்குக் கீழே ரொம்பக் குறைந்தால் என் கூப்பே மாதிரி முன் டயரை எரித்துக்கொண்டு தாமதமாக நிற்கும். கையால் திருகும் விகித வால்வு கிடைக்கிறதே என்பீர்கள். பின்பக்க அழுத்தத்தைக் குறைக்க மட்டுமே அதற்குத் தெரியும். முன்னால் பெரிய பிஸ்டன் போட்டுவிட்டு, ஏற்கெனவே இருக்கும் வால்வோடு இதையும் சேர்த்து மாட்டினால் நிலைமை இன்னும் மோசம்தான் ஆகும்.

பழைய காலிப்பர் வாங்கலாமா என்றால் வாங்கலாம், ஆனால் பிஸ்டனை வெளியே எடுத்துப் பார்க்காமல் மாட்டாதீர்கள். பிஸ்டனின் பளபளப்பான முலாமில் நகம் மாட்டுகிற மாதிரி துருப்பள்ளம் இருந்தால் அந்தப் பிஸ்டன் குப்பைக்குத்தான். அலுமினியக் காலிப்பரில் சீல் உட்காரும் காடியின் அடியில் வெள்ளைப் பொடி படிந்திருக்கும், அதைச் சுரண்டி எடுக்காமல் புது சீல் போட்டால் பிஸ்டன் இறுகிக்கொள்ளும். ரேஸுக்கென்று செய்த காலிப்பர்கள் பலவற்றில் தூசி உறையே கிடையாது. தினசரி மழையிலும் புழுதியிலும் ஓட்டுகிற காருக்கு அது ஆகாது. நிலையான காலிப்பரோடு இன்னொரு தொந்தரவும் வரும்: வீல் பேரிங்கில் லேசான ஆட்டம் இருந்தாலும் வளைவில் டிஸ்க் அசைந்து பிஸ்டனை உள்ளே தள்ளிவிடும், அடுத்த மிதி வெறும் மிதியாகப் போகும். வழுக்கும் காலிப்பர் இந்த ஆட்டத்தைப் பெருமளவு மன்னித்துவிடும்.

துளை போட்ட டிஸ்க் வேண்டாம். அடிக்கடி சூடேறி ஆறும்போது துளையின் ஓரத்தில் இருந்து விரிசல் ஓடும், இரும்பையும் கொஞ்சம் இழக்கிறோம். கோடு வெட்டிய டிஸ்க் பரவாயில்லை. ஒன்றும் வெட்டாத சாதா டிஸ்க்கே உங்கள் தேவைக்குப் போதும். இரண்டு முகங்களுக்கு நடுவே வளைந்த காற்றறை உள்ள டிஸ்க் வாங்கினால் இடது வலது மாறக் கூடாது. உள்ளே இருக்கும் இறக்கைகள் சுற்றும் திசைக்குப் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். வெளியே தெரியும் கோடுகளைப் பார்த்து மாட்டினால் தப்பாகப் போக வாய்ப்புண்டு, ஓரத்தில் டார்ச் அடித்து இறக்கையையே பாருங்கள்.

மாட்டுகிற வேலையில் அதிக நேரம், டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தைச் சுத்தம் செய்யச் செலவிடுங்கள். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருச்செதில் ஒன்று கூட இல்லாமல், கை வைத்தால் வழவழவென்று இருக்க வேண்டும். டிஸ்க்கை வீல் நட்டுகளால் இறுக்கி, டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் அளவி) வைத்துச் சுற்றினால் முள் 0.05 மி.மீ.-க்கு மேல் ஆடாமல் இருந்தால் நல்லது. ஆடினால் டிஸ்க்கை ஒரு நட்டுத் தூரம் திருப்பி மாட்டிப் பாருங்கள். ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்று தூக்கி எறிகிற பல டிஸ்க்குகள் வளைந்தவையே அல்ல. இந்த ஆட்டத்தால் ஓரிடம் மட்டும் தேய்ந்தவை, அல்லது கொதிக்கக் கொதிக்க நிறுத்திப் பெடலை மிதித்துக்கொண்டே நின்றதால் பேடின் பூச்சு ஒரே இடத்தில் அப்பிக்கொண்டவை.

வேறு காலிப்பர் மாட்டினால் வீலுக்குள் அது அடங்குகிறதா என்று அட்டையில் வெட்டி வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் இடிப்பது வளையத்தில் இல்லை, ஸ்போக்கின் உள்பக்கத்தில். குறைந்தது 3 மி.மீ. இடைவெளி விடுங்கள், உள்ளே ஒட்டியிருக்கும் பேலன்ஸ் எடையையும் கணக்கில் சேருங்கள். பிராக்கெட்டுக்குப் புது 10.9 தர (அதிக வலிமை) போல்ட், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஆயிலில் இருக்கும் காற்றை வெளியேற்றுகிற பிளீட் நிப்பிள் மேலே பார்க்க வேண்டும். சிரிக்காதீர்கள், நான் ஒரு மாலை முழுக்க ஒரு லிட்டர் ஆயிலை ஊற்றி ஊற்றி இறக்கினேன், பெடல் கெட்டியாகவே இல்லை. இருட்டின பிறகுதான் பார்த்தேன், நிப்பிள் கீழே இருக்கிறது. இடது காலிப்பரை வலதில் மாட்டியிருந்தேன். காற்று மேலேயே உட்கார்ந்துகொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறது. சில நான்கு பிஸ்டன் காலிப்பர்களில் உள்ளுக்கு ஒன்று வெளிக்கு ஒன்று என்று இரண்டு நிப்பிள் இருக்கும், இரண்டிலும் காற்று எடுக்க வேண்டும்.

டிஸ்க்கின் பின்னால் இருக்கும் தகட்டைக் காற்று வரட்டும் என்று வெட்டி எறிகிறவர்கள் உண்டு. பக்கத்திலேயே இருக்கும் பால் ஜாயின்ட்டின் (சஸ்பென்ஷனின் உருண்டை மூட்டு) ரப்பர் சூட்டில் வெந்துவிடும். குளிர வைக்க வேண்டுமென்றால் 75 மி.மீ. குழாய் ஒன்றை முன் பம்பரில் இருந்து டிஸ்க்கின் நடுத்துளைக்குக் கொண்டுவாருங்கள். காற்றறைகள் அங்கிருந்துதான் உறிஞ்சும். முகத்தில் ஊதினால் ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்து டிஸ்க்குக்குக் கெடுதல்தான்.

புது பேடையும் டிஸ்க்கையும் பழக்காமல் டிராக்கில் இறங்காதீர்கள். ஆளில்லாத இடத்தில் 100-ல் இருந்து 20 வரை எட்டுப் பத்து முறை, லாக் ஆகாமல், முழுசாக நிற்காமல் இறக்குங்கள். அப்புறம் பிரேக் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள். அது ஆறியதும், நேரான வெற்றுப் பாதையில் மெதுவான வேகத்தில் இருந்து ஓங்கி மிதித்து, வெளியே ஒருவரை நிறுத்தி எந்தச் சக்கரம் முதலில் லாக் ஆகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஏபிஎஸ் இருந்தால் இந்தச் சோதனைக்கு மட்டும் அதன் ஃபியூஸை எடுத்துவிடுங்கள். முன் சக்கரம் என்றால் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி இன்னும் இரண்டு முறை பாருங்கள். பின் சக்கரம் என்றால் அன்றைக்கு டிராக் கிடையாது, வண்டியைத் திரும்ப ஜாக்கில் ஏற்றுங்கள்.